சந்தியாகப்பர் கோயிலின் பெரிய வாசல்

சந்தியாகுபட்டி,
உசிலம்பட்டி வழி.
8-4-1979

அன்பு மகள் அருளாயிக்கு ஐயா எழுதுவது. நான் சுகம். ஆனையூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கத்திக் கத்தி நீ தொண்டையைக் கெடுத்துக்கொள்வதாக மாப்பிள்ளை சவரிமுத்து சொன்னார். கப்பலூர் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு வந்து, கல்யாண நாளைக் குறித்துப் போனார். மே 21, திங்கட்கிழமை, நம் ஊர்க் கோயிலில்.

ஒன்று சொல்வேன், கோபப்படாதே. பெரிய வாசல் வழியாகத்தான் வருவேன் என்று சாமியாரிடம் சொன்னாயாம். மேலத்தெருக்காரர்கள் காதுக்கு அது போய்விட்டது. நம் கீழத்தெருவுக்குப் பக்கவாசல், பக்கக்கோயில் என்பது கட்டிய நாளிலிருந்து உள்ள வழக்கம். எனக்குக் கொத்து வேலை கொடுப்பவர்களும் அவர்கள்தான். ஒருநாள் சடங்குக்காக ஊரைப் பகைக்க வேண்டாம்.

உன் நன்மையையே நினைக்கும்,
இன்னாசி


ஆனையூர், மதுரை.
17-4-1979

அன்புள்ள ஐயாவுக்கு,

என் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. இதைப் படிக்கும்போது உங்களுக்கே கேட்கும்.

வழக்கம் என்கிறீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் மேலத்தெருக்காரர்கள் நம்மோடு முழங்காலிட மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். அதற்குப் பணிந்து பிரெஞ்சுச் சாமியார் நடுக்கோயிலின் இடது பக்கம் நமக்கொரு கூடத்தை ஒட்டவைத்தார். தரையை ஒரு படி தாழ்த்தி, இடையில் சுவர் எழுப்பி, பீடத்தைப் பார்க்க ஒரு வளைவு விட்டார். ஏசுநாதரா அப்படிக் கட்டச் சொன்னார்? சுண்ணாம்பு அரைத்தவர்கள் நம் ஆட்கள். இன்றைக்கும் வெள்ளையடிக்க நீங்கள் கோபுர உச்சி வரை ஏறலாம். பூசை நேரத்தில் நடுக்கோயிலில் கால் வைக்கக் கூடாது. நல்ல நியாயம் ஐயா.

அந்த வளைவு வழியாக என்ன தெரிகிறது? குதிரைமேல் இருக்கும் சந்தியாகப்பரைத் தூண் மறைத்துவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது குதிரையின் பின்புறம். சப்பரமும் நம் தெருவுக்கு வராது. மதுரையில் கன்னியர் விடுதியில் சேர்ந்த வருஷம், உங்கள் ஊர்ப் பாதுகாவலரை வரையுங்கள் என்றார்கள். நான் ஒரு குதிரை வாலை வரைந்து, பக்கத்தில் மெழுகுவர்த்தி வைத்தேன். வகுப்பே சிரித்தது. வால்தான் சாமி என்று நம்பிக் கும்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆத்தாவின் சவப்பெட்டி பக்கவாசலில் நுழையாமல் ஒருக்களித்துச் சாய்த்தீர்களே, அதையும் நான் மறக்கவில்லை. அன்று பெரிய வாசல் அகலத் திறந்துதான் கிடந்தது.

நான் அந்த வழியாகத்தான் வருவேன். இல்லையென்றால் மதுரையில் பதிவு செய்துகொள்கிறோம். நீங்கள் என் கையைப் பிடித்து வருவீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் பிடிவாதக்கார மகள்,
அருளாயி


சந்தியாகுபட்டி.
6-5-1979

அருளாயி,

உடனே பதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்று மேலத்தெரு நாட்டாமை மிக்கேல் ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஏசப்போகிறார் என்றுதான் போனேன். ரொம்பத் தன்மையாகப் பேசினார். "இன்னாசி, ஒம் மக படிச்ச புள்ள. பக்கவாசல்ல வாழமரம், சீரியல் லைட்டு செட்டு அம்புட்டும் எங்க செலவு. அந்த வழியா வரச் சொல்லு" என்றார். வைதிருந்தால் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பியிருப்பேன். பிச்சை போடுகிற மாதிரி அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வாழமரம் கட்டிட்டா அது பெரிய வாசலாயிருமா? எம் மக பெரிய வாசல்லதான் வருவா. நாந்தான் கூட்டிட்டு வாரேன்" என்றேன். பேசியது என் வாய்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய உன் கல்யாண ஓலையை இன்று பூசையில் இரண்டாம் தடவை வாசித்தார்கள். முடிந்ததும் பெரிய வாசலைச் சாத்திப் புதுப் பூட்டுப் போட்டு, சாவியை மேலத்தெருவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். நாட்டாமை வீட்டு வேலையிலிருந்தும் என்னை நிறுத்தியாயிற்று. கீழத்தெருவில் சிலர் என்னை ஏசுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் கூட வருகிறோம் என்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

நீ பேசிய அந்தப் புதுச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அந்த வாசற்படியிலேயே கல்யாணத்தை மந்திரித்துவையுங்கள் என்றேன். பீடத்துணியை வெளியே கொண்டுவந்து அங்கேயே பூசை வைக்கிறேன் என்றார்.

நீயும் மாப்பிள்ளையும் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞாயிறு மாலையே வந்துவிடுங்கள். பூட்டுவது அவர்கள் இஷ்டம். பூட்டிய கதவுக்கு முன்னால் உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். பக்கவாசல் திறந்தே கிடந்தாலும் நாம் அந்தப் பக்கம் திரும்பப்போவதில்லை.

உன் ஐயா,
இன்னாசி