பிரேக்கில் கால் வைத்தால் நடுங்கிய வண்டி

என் அருமை ஸ்டெல்லாவுக்கு,

நீ விட்டுப்போன வேன் என்னை ஒரு மாதமாகப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நீயும் சிரிப்பாய் என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது, கேள்.

முதலில் உனக்குத் தெரியாத செய்தி. வண்டியை இப்போது ஓட்டுவது நான்தான். ஆமாம், நானேதான். பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் ஃபெர்ரி ஏறியதும் லைஃப் ஜாக்கெட் எங்கே தொங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாயே, அதே ஆள். நீ போன பிறகு லைசென்ஸ் எடுத்தேன். அக்கரையில் நம் ஜெனியைக் கல்லூரியிலும் பக்கத்து வீட்டு மோண்டல் டீச்சரைப் பள்ளிக்கூடத்திலும் இறக்கிவிட்டு ஆபீஸ் போகிறேன். நீ செய்துகொண்டிருந்ததை நிறுத்த மனசு வரவில்லை.

மழை தொடங்கியதும் வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஃபெர்ரி ஜெட்டிக்கு இறங்கும் சரிவில் வரிசையில் நிற்கும்போதுதான் உதறும். இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறதா, அந்த உதறல் முதுகு வழியாகத் தலைக்கு ஏறும். எதிரே ஃபெர்ரியின் இரும்புப் பலகை. அதற்கு இரண்டு பக்கமும் கடல். இன்ஜின் அங்கேயே நின்றுபோனால் என்ன செய்வேன்? வண்டி உருண்டால்? இந்தக் கேள்விகளோடுதான் தினமும் அக்கரை போய் வந்தேன்.

உன் மெக்கானிக் அப்பாராவிடம் கொண்டுபோனேன். ப்ளக் மாற்றினான். கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டதோ என்று டேங்கையும் பார்த்தான். அவன் ஷெட்டில் ஸ்டார்ட் செய்தால் வண்டி சமர்த்தாக நிற்கும். "அங்கிள், காடி ஏக்தம் டீக் ஹை. ஆப் டர்தே ஹோ," என்றான். வண்டி நன்றாகத்தான் இருக்கிறதாம், நான்தான் பயப்படுகிறேனாம். ஜெனியும் அதையேதான் சொன்னாள். கடைசியில் எனக்கே அப்படித் தோன்றிவிட்டது.

திங்கட்கிழமை நல்ல மழை. வழக்கமாக வண்டியை ஃபெர்ரியில் ஏற்றும் முன் மற்றவர்கள் இறங்கி, நடந்து ஏறுவார்கள். அன்று நனைய வேண்டாம் என்று ஜெனியும் டீச்சரும் பின்சீட்டிலேயே இருந்துகொண்டார்கள். முன்னால் ஒரே ஒரு லாரி. பின்னால் மேடு வரைக்கும் வரிசை. வண்டி உதற ஆரம்பித்தது. பிரேக்கில் இருந்த என் காலும் சேர்ந்து உதறியது. என் கால் நடுக்கம்தான் வண்டியை ஆட்டுகிறதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்தேன்.

உதறல் நின்றுவிட்டது.

காலை வைத்தேன், உதறியது. எடுத்தேன், நின்றது. குனிந்து கேட்டால், மிதிக்கும்போதெல்லாம் பெடலுக்கு மேலே 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம். அப்போதுதான் உறைத்தது. ஷெட்டில் யாரும் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு இன்ஜினைப் பார்ப்பதில்லை. சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் பார்ப்பார்கள். அதனால்தான் அங்கே வியாதி தெரியவில்லை. கெட்டுப்போயிருப்பது பிரேக், ஸ்டெல்லா.

லாரி ஏறிவிட்டது. ஃபெர்ரியில் வண்டிகளை ஏற்றிவிடும் கலாசி என்னைப் பார்த்து, "ஆஜாவ், ஆஜாவ்," என்று வரச்சொல்லிக் கையசைத்தான். நம் மகள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். இன்ஜினை அணைத்துவிட்டு மழையில் இறங்கி நின்றேன்.

"நஹி ஜாயேகா," என்றேன். வண்டி போகாது.

பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். ஜெனி கண்ணாடியை இறக்கினாள். "அப்பா, எல்லாரும் பாக்காங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் ஏத்துனீங்கள்லா? இன்னைக்கு என்னவாம்?"

"இறங்கு."

"மழை பெய்யுதுப்பா."

"நனைஞ்சா பரவால்ல. டீச்சரயும் கூட்டிக்கிட்டு நடந்து போய் ஏறு."

மோண்டல் டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தபியத் டீக் ஹை, பாயி சாப்?" என்று உடம்புக்கு என்ன என்பது போலக் கேட்டார். தலையாட்டினேன். ஜெனி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். வரிசையில் இருந்த நாலு பேர் திட்டிக்கொண்டே வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. மழையில் யாருக்குத் தெரியப்போகிறது?

ஃபோன் செய்ததும் அப்பாராவ் ஜெட்டிக்கே வந்தான். பக்கத்து சீட்டைத் தூக்கிவிட்டு, என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னான். இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாயைக் கட்டிங் பிளேயரால் நசுக்கினான். உதறல் சட்டென்று அடங்கியது. அவன் முகத்தில் இருந்த கேலியும் அடங்கிவிட்டது. பிரேக்கை லேசாக்கித் தரும் பூஸ்டருக்குள் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து, இப்போது கிழிசல் பெரிதாகிவிட்டதாம். மிதித்தால் அந்தக் கிழிசல் வழியாக இன்ஜினுக்குள் காற்று புகுந்து உதறுகிறது. பூஸ்டர் உதவாததால் வண்டியை நிறுத்துவது முழுக்கக் கால் பலம்தான். "ஈரத்துல, இறக்கத்துல உங்க கால் பத்தாது அங்கிள்," என்றான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. புது பூஸ்டர் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

பிறகு ஒன்று கேட்டான். "பெடல் எப்போலேர்ந்து இவ்ளோ பாரி?"

அந்தக் கனம் எப்போதிலிருந்து என்று எனக்கு என்ன தெரியும்? வேறு வண்டியை ஓட்டியிருந்தால்தானே? பிரேக் என்றாலே எழுந்து நின்று மிதிக்க வேண்டிய சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்ல வாய் திறந்தபோது நீ பேசியது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்த நாட்கள் அவை. "ஜெனி அப்பா, பிரேக்க மிதிக்க எனக்கு ரெண்டு காலும் வேண்டியிருக்கு. கால்ல பலமே இல்ல. இனிமே நான் ஓட்டல," என்று சாவியை மேசையில் வைத்தாய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். வியாதி காலுக்கு வந்துவிட்டது என்று நீயும் நம்பினாய், நாங்களும் நம்பினோம். அதற்குப் பிறகு கண் மூடும்வரை நீ வாசல் பக்கம்கூட வரவில்லை.

அப்பாராவிடம் இதைச் சொன்னேன். பெடலைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தான். "அக்கா கால் நல்லாத்தான் இருந்திருக்கு அங்கிள்," என்றான்.

அன்றிலிருந்து எனக்கு இன்னும் அதிகமாகப் பயமாக இருக்கிறது. நடக்கப்போவதை நினைத்து அல்ல, நடந்ததை நினைத்து. அந்தச் சரிவில் எத்தனை நாள் இறங்கினாயோ? பக்கத்தில் ஜெனி, பின்னால் டீச்சர், ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நான். ஒரு நாள் உன் கால் வழுக்கியிருந்தால்?

புது பூஸ்டர் வரும்வரை வண்டி ஜெட்டிப் பக்கம் போகாது. வந்த பிறகு நானே ஓட்டுவேன், பயந்துகொண்டேதான் ஓட்டுவேன். அதை மட்டும் விடச் சொல்லாதே. ஜெனி இன்னும் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. இன்று அவள் காலேஜ் விட்டு வந்ததும் உட்காரவைத்துச் சொல்லப்போகிறேன், இது சத்தியம். உங்க அம்மாவுக்குக் காலில் பலம் போகவில்லை, பிரேக் போன வண்டியை அத்தனை நாளும் வெறும் காலால் நிறுத்தி உன்னை அக்கரை சேர்த்தாள் என்று.

உன்
ஜெனி அப்பா