விருந்தாளிகளுக்காக மூழ்கியவன்

மிர்பாத்,
கரீஃப் மழையின் கடைசி வாரம்.

அன்பு மகள் துஃபூலுக்கு உன் வாப்பா சுஹைல் எழுதுவது. இறைவன் உனக்கு நலம் தருவானாக. இங்கே நானும் உன் உம்மாவும் இருக்கிறோம்.

நீ போனை எடுப்பதில்லை. லண்டன் கண்காட்சியில் வேலை அதிகம் என்றார் உன் உதவியாளர். செய்தித்தாளில் உன் படம் பார்த்தோம். நம் நாட்டு எண்ணெய் வற்றுமுன் விழித்துக்கொள்ள வேண்டும், இனி வணிகமும் சுற்றுலாவும்தான் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடும் என்று பேசியிருந்தாய். உம்மா படத்தைத் தடவினாள். பிறகு கவிழ்த்து வைத்தாள்.

உன் தம்பி பகீத் எண்ணெய்க் கிணற்று வேலையை விட்டது உன் பேச்சைக் கேட்டுத்தான். புதிய விடுதியில், கடலில் முன்பே போட்டுவைத்த சிப்பியை, முத்துக்குளிப்பவன் போல மூழ்கி எடுத்து விருந்தாளிகளுக்குக் காட்டும் வேலை. "அக்கா கொண்டாந்த பொழப்பு வாப்பா, கடல்ல வெளையாடறதுக்குச் சம்பளம்!" என்று சிரிப்பான். கரீஃபில் மலை பச்சையாகும், ஊர் கொள்ளாமல் விருந்தாளிகள் வருவார்கள். அதே மாதங்களில்தான் நம் கடலுக்கு வெறி பிடிக்கும் என்று உனக்கா சொல்ல வேண்டும்?

உன் அமைச்சகம் அனுப்பிய வணிகக் குழு வந்த அன்று அலை பாறையைத் தாண்டியது. அவன் மாட்டேன் என்றிருக்கிறான். "மேலிடத்து உத்தரவுப்பா, நிறுத்த முடியாது. சும்மா முங்கிட்டு வந்துடு" என்றாராம் மேலாளர். பகீத் யாருக்கோ போன் செய்தானாம். பேசிவிட்டுச் சட்டையைக் கழற்றினானாம்.

முதல் முறை எழுந்தான். கைதட்டினார்கள். அடுத்த முறை கை மட்டும் மேலே வந்து அசைந்தது. அதற்கும் கைதட்டினார்கள். யாரோ போனில் எடுத்த அந்த வீடியோவை ஊரே பார்த்துவிட்டது. நானும் பார்த்தேன்.

நீ வரும்வரை அடக்கம் வேண்டாம் என்று உம்மா அழுதாள். கடல் தந்த உடலை அப்படி வைத்திருக்க முடியவில்லை.

இப்போது பக்கத்து வீட்டு முபாரக்கின் மகன் மூழ்குகிறான். கூட்டம் முன்னைவிட அதிகமாம். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறார்களாம்.

பகீதின் போனை விடுதிக்காரர்கள் கொடுத்தார்கள். கடைசியாக யாரிடம் பேசினான், பாருங்கள் என்றாள் உம்மா. பார்த்தேன். உன் பெயர் இருந்தது. போன் கெட்டுவிட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

நீ அவனிடம் என்ன சொன்னாய் என்று நான் கேட்கமாட்டேன். உம்மாவை ஒருமுறை கூப்பிட்டுப் பேசு. கேட்டால், அவன் அன்று உன்னை அழைக்கவே இல்லை என்று சொல். நம்பிவிடுவாள்.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக. நல்ல ஞாபகத்தோடு.

உன் வாப்பா,
சுஹைல்.