ஜன்னலோரம் ஒரு ஸ்டூல்

என் கண்ணுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமான்னு கேட்டா நல்லாதான் இருக்கேன்னு மழுப்புவே, அதனால கேக்கல. மாசாமாசம் வர்றது நின்னு போச்சும்மா, முப்பத்தாறு வயசுலயே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு போன்ல சொல்லிட்டு டக்குனு வெச்சுட்டே, அதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. மறுபடி பேசினா நீயும் அழுவே நானும் அழுவேன், அதான் எழுதுறேன்.

எங்க தையல் கூடத்துல இதை நின்னு போச்சுன்னு யாரும் சொல்றதில்ல, "அவ ஜன்னலுக்குப் போயிட்டா"ன்னுதான் சொல்லுவோம். நான் சேர்ந்த புதுசுல காலர் அக்கா, சட்டைக்குக் காலர் தைக்கறதுல கெட்டிக்காரி, அதான் அந்தப் பேரு, அவங்களுக்கு நின்ன சமயம் அது, இஸ்திரி மேஜை பக்கத்துல உக்காந்து திடீர் திடீர்னு வேர்த்துக் கொட்டி எந்திரிச்சுப் போவாங்க. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் உனக்கு என்ன கோளாறுன்னு கேட்டாரு. அக்கா மெஷினைத் தரதரன்னு இழுத்துட்டுப் போய் ஜன்னலோரம் போட்டு உக்காந்துட்டாங்க. அன்னையிலேர்ந்து யாருக்கு நின்னாலும் நாங்களே மெஷினை நகர்த்திடுவோம், ஒரு கேள்வி கிடையாது. முடிஞ்சுபோச்சுன்னு ஒருத்தியும் சொன்னதில்ல. என்னையும் அப்படித்தான் நகர்த்தினாங்க. சாயங்கால வெயில் துணி மேல படுத்துக் கிடக்கும், இஸ்திரி ஆவி அதுக்குள்ள மெல்ல ஏறும், காத்து கழுத்துல படும், கை தானா தைக்கும், மனசு எங்கேயோ மிதக்கும். நீ சின்னதா என் மடியில தூங்குற மாதிரியே இருக்கும்டி.

யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னே, நான் மூச்சு விடல. ஆனா மாப்பிள்ளைகிட்ட நீ சொல்லிடு. குழந்தை பிறக்காதுன்னா என்னை வெறுத்துடுவாரோன்னு தனியா கிடந்து மருகாதே. அவர் தங்கமானவர்னுதான் நினைக்கிறேன், அப்படி இல்லேன்னாலும் நாங்க குத்துக்கல்லாட்டம் இருக்கோம். உனக்கு ஒரு குறையும் இல்ல, பெத்தவ நான் சொல்றேன்.

நேத்து நான் தைக்காம வெளியவே பாத்துட்டு இருந்தேன். காலர் அக்கா என்னை ஒரு பார்வை பாத்தாங்க, தன் மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாங்க, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வெச்சாங்க. யாருக்குன்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல.

மகராசியா இரு. வேளைக்குச் சாப்பிடு, டாக்டர் குடுத்த மாத்திரையை மறக்காதே. லீவு கிடைச்சதும் வா. அந்த ஸ்டூல் மேல துணி வெக்கக்கூட அக்கா யாரையும் விடறதில்ல.

என்னைக்கும் உன் பக்கத்துல இருக்கிற,
அம்மா