முறுக்கிப் பார்த்து வாங்கிய சப்பாத்து

இஞ்சாருங்கோ, என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இந்த மாதத்தோடு மூன்று வருடம். முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். மூத்த பேரன் தர்சன் படிப்பை முடித்துவிட்டான். இப்போது மெட்ரோ ரயில் திருத்தும் இடத்தில் இஞ்சினியர். வேலை அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடியேதான் சாப்பிடவும் இருக்கிறான், நானும் கழற்றச் சொல்வதில்லை. மகளின் மகள் வைஷ்ணவி தாதிப் படிப்புக்கு எடுபட்டுவிட்டாள், பிரெஞ்சுச் சோதனையில் வகுப்பில் முதலாவது. எங்கள் ரமணனின் மகள் அபி, நீங்கள் தோளில் வைத்து முருகன் கோயிலைச் சுற்றிய அந்தக் கடைக்குட்டி, பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான டெனிஸ் போட்டியில் இரண்டாவதாக வந்து கிண்ணம் எடுத்திருக்கிறாள். டொலார்ட் பூங்காவில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது வெள்ளைக்காரரும் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

அந்தக் கிண்ணத்தோடு உங்கள் பெயருக்கு ஒரு பழி வரப் பார்த்தது. அதை நீக்கத்தான் இந்த முறை நினைவஞ்சலியை நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புத் தமிழ்தான். பிழை இருந்தால் பேப்பர்க்காரப் பிள்ளைகள் திருத்துவார்கள்.

எல்லாம் ஒரு சோடி சப்பாத்தால் வந்தது. அபி விளையாடத் தொடங்கியபோது ரமணன் நல்ல விலை கொடுத்து ஓடுற சப்பாத்து வாங்கிக் கொடுத்தான். அதன் குதி பஞ்சு மாதிரி, உயரம் வேறு. டெனிஸில் நேராக ஓடுவது குறைவு. பக்கமாகப் பாய்ந்து, சட்டென்று நின்று, மற்றப் பக்கம் பாய வேண்டும். இரண்டாம் கிழமையே பிள்ளையின் கணுக்கால் மடங்கிவிட்டது.

அடுத்த தரம் ரமணனோடும் அபியோடும் கடைக்கு நானும் போனேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு ரெஸ்ரோறன்ட்டின் ஈரத் தரையில் இருபது வருடம் நின்று கோப்பை கழுவிய மனுஷன் நீங்கள். சப்பாத்து வாங்கும்போது என்ன சொல்வீர்கள்? "முகத்தைப் பாக்காதையும், அடியைப் பாரும்." பிறகு அதைத் துணி பிழிவது மாதிரி முறுக்குவீர்கள். சுலபமாக முறுகினால் திரும்ப ராக்கைத் தட்டில் வைப்பீர்கள். நானும் அப்படியே ஒவ்வொன்றாக முறுக்கினேன். மலிவு வரிசையில் ஒன்று முறுகவில்லை. அடியில் மீன்முள் மாதிரி நெருக்கமான வரி, பெருவிரல் பக்கம் தடித்த ரப்பர்.

"அம்மா, உது மலிவுச் சப்பாத்து. ஒரு மாதம் தாங்காது."

"முறுக்கிப் பாரடா தம்பி."

"என்ன, புட்டுக்கு மா குழைக்கிறியளோ? கடைக்காரப் பிள்ளை பாக்குது."

அபிதான் முடித்து வைத்தாள். "அப்பா, எனக்கு இது ஓகே. வாற வருசம் எப்பிடியும் கால் பெருத்திடும் தானே."

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் கிழமை குதியில் உரஞ்சிக் கொப்புளம் வந்தது, பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். பாரம் என்றாள், உள்ளே காற்றுப் போகவில்லை என்றாள். பந்து போடும்போது வலது காலை இழுப்பாள், அதனால் இரண்டு மாதத்தில் அந்த முனை தேய்ந்தது. ஆனால் கால் ஒரு தரமும் மடங்கவில்லை. அவள் நில் என்றால் அந்தச் சப்பாத்து நின்றது. அதைப் போட்டுக்கொண்டுதான் அபி ஐந்து பிள்ளைகளை வென்று கடைசி ஆட்டத்துக்கு வந்தாள்.

அதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, பயிற்சியில் நல்ல மழை. சப்பாத்து சேறாக வந்தது. நல்ல காரியத்துக்கு அழுக்குச் சப்பாத்தோடு போவதா? தம்பிமாரின் கன்வஸ் சப்பாத்துக்கு வெள்ளை பூசிவிட்ட கை சும்மா இருக்குமா? கழுவி, உடுப்புக் காயவைக்கும் மெசினில் துவாய்களோடு போட்டேன். வெள்ளை வெளேரென்று வந்தது. அபி கையில் வாங்கி, "சுடுது அப்பம்மா," என்றாள். நான் பெருமையாக நின்றேன்.

மறுநாள் முதல் செட்டை அபி வென்றாள். இரண்டாவதன் நடுவில் வலது சப்பாத்தின் முனை, பாரை மீன் வாய் பிளந்த மாதிரித் திறந்துவிட்டது. பிள்ளை அழவில்லை. ராக்கெட் பிடியில் சுற்றுகிற நாடாவை எடுத்து, சப்பாத்தைச் சுற்றி மூன்று தரம் கட்டினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் கால் வழுக்கியது. அப்படியும் மூன்றாவது செட்டைக் கடைசிப் பந்து வரை இழுத்துக்கொண்டு போய்த்தான் தோற்றாள்.

ரமணன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "நான் அப்பவே சொன்னனான். அப்பான்ர முறுக்கு வித்தை இஞ்ச எடுபடேல்லை."

எனக்குச் சுருக்கென்றது. செத்துப்போன மனுஷன் வந்து பதில் சொல்ல முடியுமா? ஆனாலும் வாய் திறக்கப் பயமாக இருந்தது. அந்தச் சூடு என் நினைவுக்கு வந்துவிட்டது.

அவர்களின் கோச், ஒரு கியூபெக் பெண், சப்பாத்தைத் திருப்பிப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அபி பதில் சொல்லிவிட்டுத் தகப்பனிடம் தமிழில் சொன்னாள். "நான்தான் வெயில்ல காருக்குள்ள விட்டனான். சூட்டில பசை இளகிப்போச்சு. அப்பப்பாவைப் பேசாதேங்கோ."

சொல்லும்போது என்னை ஒரு தரம் பார்த்தாள். பிள்ளைக்கு எல்லாம் தெரியும். என்னைக் காக்கத்தான் அந்தப் பொய். அதைக் கேட்டுக்கொண்டு நான் கதிரையில் குந்தியிருக்கலாமோ?

"தம்பி, வெயிலும் இல்லை, காரும் இல்லை. மெசினில போட்டது நான்."

"எந்த மெசினில?"

"உடுப்புக் காயப்போடுறதில. துவாயளோட."

"எவ்வளவு நேரம்?"

"துவாய் காயுமட்டும்."

ரமணன் தலையில் கை வைத்தான். "அம்மா, அந்தச் சூட்டில இடியப்பமே அவிஞ்சிருக்கும்."

முதலில் சிரித்தது அபிதான். கோச்சுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். அவளும் சிரித்துவிட்டு, மற்றச் சப்பாத்தை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினாள். என் கண்ணால் பார்த்தேன், நீங்கள் செய்வது மாதிரியே. அபி சொன்னாள்: "தையல் ஒண்டும் விடேல்லையாம். அடியும் நல்லாத்தான் இருக்காம். கால் வளருற பிள்ளையளுக்கு இது போதுமாம், வரி தேய்ஞ்ச உடனை மாத்த வேணுமாம். சூடு மட்டும் காட்டக் கூடாதாம்."

உங்கள் பெயர் அந்த இடத்திலேயே மீண்டுவிட்டது. பழி என் மேல். "என்னாலதான் தோத்துப்போனாய், பிள்ளை," என்றேன்.

"இல்லை அப்பம்மா. சப்பாத்து ரெண்டு மூண்டு பொயின்ற் திண்டது. மிச்சம் அந்தப் பிள்ளை அடிச்சது. அவ நல்லா விளையாடினவ."

அவள் வயதில் எனக்கு அப்படி ஒரு சொல் வந்திருக்குமா? உங்களுக்கு?

கிண்ணத்தோடு படம் எடுக்கும்போது ரமணன், "வலது காலைப் பின்னால வை அபி, கட்டினது தெரியுது," என்றான். அவள் அந்தக் காலை ஒரு அடி முன்னால் வைத்தாள்.

அடுத்த கிழமை அவளுக்கு வேறு சோடி வாங்கப் போனோம். விலை கூடிய வரிசைக்குத்தான் ரமணன் போவான் என்று நினைத்தேன். மலிவு வரிசையில் நின்று, அங்குமிங்கும் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்து முறுக்கினான். "இது இளகல்," என்று திரும்ப வைத்தான். பிறகு இன்னொன்று. ஐந்தாவது சோடி முறுகவில்லை, அதைத்தான் வாங்கினோம்.

நீங்கள் இருக்கும் இடத்தில் தரை எப்படி? சப்பாத்துப் போட விடுகிறார்களோ?

இனிமேல் அந்த மெசின் பக்கம் சப்பாத்தைக் கொண்டுபோக மாட்டேன். இது உங்களுக்கு என் சத்தியம். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே வைத்து நிழலில் காயவிடுகிறேன், கோச் சொன்ன முறை. இந்தக் கடிதம் வருகிற பேப்பரை மட்டும் வைக்க மாட்டேன்.

பேப்பர்க்காரப் பிள்ளைகளே, ஒவ்வொரு வருடமும் போடுகிற இவரின் படத்துக்குப் பக்கத்தில், இதோடு அனுப்பும், அபி கிண்ணத்தோடு நிற்கிற படத்தையும் போடுங்கோ. இடம் காணாவிட்டால் என் எழுத்தைக் குறையுங்கோ. பிள்ளையின் காலை வெட்ட வேண்டாம்.

உங்கள் பரமேசு,
ரமணனின் அம்மா, அபியின் அப்பம்மா.