மேலிருந்து இறங்கிய வாத்து

காரின் டிக்கியைத் திறந்ததும் சேற்று நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. இரண்டு கையிலும் சாமான் பையோடு கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். உன் றப்பர் சப்பாத்து. முழங்கால் வரை ஏறும் அந்தப் பச்சைச் சனியன். "உன் வண்டியிலயே கெடக்கட்டும்டா, ஊட்டுக்குக் கொண்டுபோனா என்னையும் சேத்து வெளிய நிக்க வெச்சிருவா" என்று சொல்லி நீ போட்டுவிட்டுப் போனது. பின்னால் வந்த கார்க்காரன் இடம் கேட்டு ஹார்ன் அடித்தான். திரும்பி அவனைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. என் வாய்க்கே அந்தக் கதி என்றால் பார்த்துக்கொள்.

நீ செத்துப்போனாய் என்பது எனக்கு இன்னும் ஏறவில்லை. நான்தான் பெட்டியோடு விமான நிலையம் வரைக்கும் வந்தேன், கையெழுத்தும் போட்டேன். ஆனாலும் காலையில் டியூட்டி பஸ்ஸில் உன் சீட்டில் வேறு ஒருவன் இருப்பதைப் பார்த்தால், "எழும்படா, ஆள் வருகுது" என்று சொல்ல வாயெடுத்துவிடுகிறேன். நாற்பத்தேழு வயதில் ஒருவன் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதா? உனக்குச் சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை, முட்டை போட்ட கேக்கைக்கூட மோந்து பார்த்துத் தள்ளிவைக்கிறவன் நீ. இதென்ன அநியாயம்.

அந்த முட்டை போட்ட கேக்கை நீ தள்ளிவைத்ததும் இந்தக் கதை தொடங்கியதும் ஒரே நாளில்தான். நம் கம்பெனியின் குடும்ப தினம். பரிசுக் குலுக்கலில் ரைஸ் குக்கர் விழவேண்டும் என்று நீ காத்திருந்தாய். உன் சீட்டை எடுத்து மேடையில் வாசித்தார்கள்: புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரு நாள் வாத்து வேட்டை, இரண்டு பேருக்கு, பயிற்சியோடு. அபுதாபிப் பக்கத்து இந்த ருவைஸ் ஊரில் உன் சைவத்தைத் தெரியாத ஆள் யார்? மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. "சாம்பார் வாத்தா, ரசம் வாத்தா?" என்று யாரோ கத்தினான். ஒரு மலையாளி நண்பன் தனக்கு விழுந்த மிக்ஸியைத் தருகிறேன், மாற்றிக்கொள் என்று நல்ல மனதோடுதான் கேட்டான். நீ சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய்.

காரில் வரும்போது கேட்டேன். "உனக்கென்ன விசரே? நீ போய்த் தாராவைச் சுடப்போறியே?" வாத்தை நாங்கள் யாழ்ப்பாணத்தில் தாரா என்போம், பைத்தியத்தை விசர் என்போம், இரண்டுக்கும் நீ சிரிப்பாய். அன்று சிரிக்கவில்லை. "இத்தனை வருசமா கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து பட்டனை அமுக்கறேன். எதை அமுக்குனாலும் ரீசெட் பண்ணிரலாம். ஒரு தடவையாவது நெசமா ஒண்ணு செஞ்சு பாக்கோணும்டா" என்றாய். "அதுக்கு ஒரு உயிரே கிடைச்சுது?" என்றேன். "சுடறேனோ இல்லியோ, வா, போய்ப் பாக்கலாம்" என்றாய். வீட்டிலும் தடை இல்லை. உன் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. டிவிக்குத் துணி போட்டு மூடியிருந்தார்கள், குக்கர் விசில்கூட அளந்துதான் அடித்தது. நாம் இரண்டு பேரும் ஒரு நாளைக்குக் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று உன் மனைவி சொன்னாள்.

நான் ஏன் கூட வந்தேன்? வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். துவக்கு, உன் பாஷையில் துப்பாக்கி, கண்ணில் பட்டாலே வேறு தெருவால் போகிறவன். அப்படிப்பட்டவனை வாரவிடுமுறையில் விளையாட்டுக்குச் சுடக் கூட்டிக்கொண்டு போனவன் இந்த வளைகுடாவிலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

பயிற்சி நாளில் வேட்டைப் பண்ணையில் வேலை செய்கிற பெஷாவர்க்காரர் கான் பாய் நமக்குச் சொல்லிக்கொடுத்தார். துவக்கின் கட்டையைத் தோளில் அழுத்து, கன்னத்தை அதன்மேல் வை, இரண்டு கண்ணையும் திறந்து வை. விரல் வெளியே இருக்கட்டும், சுடும் நொடியில்தான் விசைக்குள் போகவேண்டும். பறக்கிறதைக் குறிவைக்காதே, அது போகப்போகிற இடத்தைக் குறிவை. "ஜல்தி மத் கரோ, பாய்" என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை, அவசரப்படாதே, அவசரப்படாதே. பறவைக்குப் பதிலாக ஓர் இயந்திரம் களிமண் தட்டை வானத்தில் எறிந்தது. நீ சுட்டாய். அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியும்போது நான் மண்ணில் குப்புறக் கிடந்தேன், இரண்டு கையும் தலைக்குமேல். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். நீ துவக்கை மடித்து வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாய். "போயிரலாமாடா?" என்றாய். அப்படிக் கேட்டதால்தான் நான் இருந்தேன். கேலி செய்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன், உன் கதையும் வேறுமாதிரி போயிருக்கும்.

வேட்டை நாள் அதிகாலை பண்ணைக் குளத்தின் கரையில், ஈச்ச மட்டையால் கட்டிய மறைப்புக்குள் நின்றோம். சேறு சப்பாத்தை உறிஞ்சியது. குளிர் பல்லைக் கிட்டவைத்தது. கான் பாய் கடைசித் தடவையாகச் சட்டத்தைச் சொன்னார். எதிர்க்கரைக் கொட்டிலில் வளர்த்த வாத்துகளைத் தகரம் தட்டிக் கலைப்பார்கள். அவை தண்ணீரிலிருந்து எழும்பும். "கீழேயிருந்து மேலே போவது நம்முடையது. மேலேயிருந்து கீழே இறங்குவது அரசாங்கத்துடையது." குளிருக்குத் தப்பி எங்கோ தூர தேசத்திலிருந்து வருகிற காட்டு வாத்துகள் தண்ணீரைக் கண்டால் இந்தக் குளத்திலும் இறங்கும். அதைத் தொட்டால் வழக்கு, விசா போனாலும் போகும். இரண்டு பேரும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டினோம். அவர் சுடுமுன் பிஸ்மில்லா சொல்வார். நீ என்ன சொல்வதென்று கேட்டாய். உனக்குத் தெரிந்ததைச் சொல் என்றார். நீ மெதுவாக "முருகா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாய். மயில்மேல் போகிறவரை வாத்துச் சுடக் கூப்பிடுகிறாயே என்றேன், முறைத்தாய்.

தகரம் அடித்தார்கள். வாத்துகள் சடசடவென்று எழும்பின. நீ துவக்கைத் தூக்கினாய், சுடவில்லை. மறுபடியும் எழும்பின, மறுபடியும் சுடவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. இவன் சுடமாட்டான், திரும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் அது வந்தது. தனியாக, சிறகை விரித்தபடியே, காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு, அமைதியாக வானத்திலிருந்து இறங்கியது. எழும்புகிற வாத்துகள் கண்ணுக்குள் நிற்காமல் பறந்தன. இது நின்று, வசதியாக வந்தது. புதிதாகத் துவக்குப் பிடிக்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? நான் "டேய்" என்று வாயைத் திறக்குமுன் வெடித்துவிட்டது.

கான் பாய் தலையில் கை வைத்தார். "யா அல்லா, யே க்யா கியா", என்ன காரியம் செய்துவிட்டாய் என்றார். நீ சேற்றில் இறங்கிப் போய் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாய். பண்ணை வாத்தில் பாதி உருவம்தான். செம்மண் நிறத் தலை, கண்ணைச் சுற்றிப் பச்சை. "சூடா இருக்குதுடா" என்றாய். உன் முகத்தில் இரத்தமே இல்லை. "நானாடா சுட்டேன்? நானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். இந்தக் கரையில் நம் மூவரைத் தவிர ஒருவரும் இல்லை. "தாட்டுவிடு. இந்த மண்ணுக்கையே தாட்டுவிட்டுப் போவம். கலாஸ், கதை முடிஞ்சுது" என்றேன். கான் பாய்க்கு என் தமிழ் விளங்கியிருக்காது, ஆனால் அவரும் தன் வேலையை நினைத்து அதையேதான், புதைத்துவிடு என்று, இந்தியில் சொன்னார். நீ அசையவில்லை. "போய்ச் சொல்லீறலாம்" என்றாய்.

"ஆரிட்டச் சொல்லப்போறாய்? உன்ர பெட்டைக்குப் பிளஸ் டூ சோதினை வருகுது. விசாவைக் கிழிச்சு அனுப்பினாங்கள் எண்டால் அவளின்ர வருஷம் போச்சு. ஒரு தாராவுக்காகவே?"

"தெரியும்டா."

"தெரிஞ்சுகொண்டோ? அப்ப உனக்கு உண்மையிலையே விசர்தான்."

"இதை மூடி வெச்சுட்டு வீட்டுக்குப் போயி அவ முன்னாடி உக்காந்து, படிம்மா, நேர்மையா எழுதும்மான்னு எப்பிடிடா சொல்றது? எனக்கு வராது. வாயே வராது."

தொண்டை கிழியக் கத்தினேன். நீ கேட்கவில்லை. பண்ணை முதலாளி காப்பி குடித்துக்கொண்டிருந்த கூடாரத்துக்குப் பறவையோடு நேரே போனாய். "பாய் சரியாச் சொன்னாரு, தப்பு என்னோடது" என்று உனக்குத் தெரிந்த இந்தியில் முதல் வார்த்தையாக அதைத்தான் சொன்னாய். அந்த மனிதர் பறவையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பிறகு கான் பாயிடம் அரபியில் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் தெரியுமா? இவன் இதை எதற்காக எடுத்துக்கொண்டு வந்தான் என்று கேட்டாராம். அவருக்கும் என்னைப்போலவே அதிர்ச்சி. பிறகு போனை எடுத்தார்.

வனவிலங்கு அதிகாரி வந்தார், எழுதினார், கூப்பிடுவோம் என்றார். அந்தக் கூப்பிடலுக்குக் காத்திருந்த வாரங்களில் உன் வீட்டுக்குள் கால் வைக்கவே எனக்குப் பயம். உன் மனைவிக்குச் சுட்டதில்கூட அவ்வளவு கோபம் இல்லை. சொன்னதில்தான். "நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதாண்ணா?" என்றாள். உன் மகள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். அவளிடமும் நீ எல்லாவற்றையும் சொல்லியிருந்தாய், பாவி மனிதா! கடைசியில் அபராதமும் எச்சரிக்கையும்தான். வெளியே வந்து, "நம்ம வேட்டைக்காரன் வாழ்க்கை முடிஞ்சுதுடா" என்று சொல்லி நீ சிரித்தபோது, உன்னை அங்கேயே அறையவேண்டும்போல் இருந்தது. விசா தப்பியது, பிள்ளையின் பரீட்சையும் தப்பியது என்று நான்தான் கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்தினேன்.

பரீட்சை தொடங்கிய அன்று காலையில் நீ விழுந்தாய். ஷிப்ட் மாறுகிற நேரம், படியில். உன் மனைவி மருத்துவமனையிலிருந்து போன் செய்தாள். அவள் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதென்றால் இப்போதே பார்க்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "பாப்பாவ நீங்க கொண்டுபோய் விட்டுருங்கண்ணா. அவகிட்ட சொல்லாதீங்க. எக்ஸாம் முடியட்டும்." நானும் அதையேதான் நினைத்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளை எழுதட்டும். மறைப்பதில் நான்தானே கெட்டிக்காரன்.

காரில் அவள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "அப்பா ஏன் அங்கிள் கால் எடுக்கல? எக்ஸாம் டே, கண்டிப்பா பேசுவாங்களே."

"டியூட்டி இழுத்துப்போட்டுது பிள்ளை. நீ படி" என்றேன். என் குரல் நன்றாகவே இருந்தது. ஏசியைக் கூட்டினேன், தண்ணீர்ப் போத்தல் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கினாள். கதவைச் சாத்தப்போனவள் குனிந்து என்னைப் பார்த்தாள். "அங்கிள், ஹீ இஸ் ஓகே, ரைட்?"

ஓம், நல்லாயிருக்கிறார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். "இல்லை பிள்ளை" என்று வந்தது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. யார் சொன்னது? நானா? அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. நெஞ்சு வலி, மருத்துவமனை, டாக்டர் சொன்னது, அம்மா சொல்லவேண்டாம் என்றது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உள்ளுக்குப் போனாய் எண்டால் மூண்டு மணித்தியாலம். அதுவரைக்கும் அப்பா இருப்பாரோ தெரியாது. நீதான் யோசிக்கவேணும் பிள்ளை" என்றேன். பெரியவர்கள் செய்கிற வேலையா இது? மணி அடித்தது. மற்றப் பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். அவள் ஒரு நிமிஷம் அந்தப் பள்ளிக்கூடக் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காருக்குள் ஏறி, "யல்லா அங்கிள், போலாம்" என்றாள். அழவில்லை.

நீ உயிரோடு இருந்தாய். முகத்தில் மாஸ்க், கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தாய், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய், பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாய். எல்லாம் உனக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. உன் கண்ணில் வந்தது சந்தோஷமா, அடப்பாவி என்ற அதிர்ச்சியா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ பேசினாள். நீ விரலை அசைத்தாய். பரீட்சை முடிந்து தாளைக் கட்டும் நேரத்துக்கு முன்பே போய்விட்டாய்.

இப்போது அவர்கள் கோயம்புத்தூரில். மகளுக்கு அந்த வருஷம் போய்விட்டது. எந்த வருஷத்துக்காக உன்னோடு குளக்கரையில் தொண்டை கிழியக் கத்தினேனோ, அதே வருஷத்தை என் வாயாலேயே கெடுத்தேன். உன் மனைவி என்னோடு பேசுவதில்லை. "சொல்லாதீங்கன்னுதானே சொன்னேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருமுறை கேட்டாள், அதோடு சரி. அவளை நான் குறை சொல்லமாட்டேன். நீ பிழைத்திருந்தால் அவள் சொன்னபடி மறைத்ததுதான் நியாயமாக இருந்திருக்கும்.

மகள் மட்டும் நேற்றுப் போன் செய்தாள். புதிதாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறாளாம். பேச்சை முடிக்கும்போது, "அம்மா சாப்பிடறதே இல்ல அங்கிள், பாட்டி ஊர்லருந்து உங்களுக்கு போன் பண்ணிக் கேட்டா, நல்லா சாப்பிடறாங்கன்னு சொல்லிருங்க" என்றாள். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பொய் வரவில்லையடா. என்னை இப்படி ஆக்கிவிட்டுப் போய்விட்டாயே, பாவி.