அலுமினியத் தகடும் அம்மாவின் குளிரும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், இது வழக்கத்துக்காக எழுதுகிற சுகம் இல்லை, நிஜமாகவே சுகம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், நேரில் வந்து தட்டை எட்டிப் பார்க்கவா முடியும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நகத்தைக் கடித்துக்கொண்டே படிப்பாய். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் நன்றாக இருக்கிறாள். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியில் அழ ஆரம்பிப்பாய், உன்னைக் கேட்டு நானும் அழுவேன், அப்புறம் யாருக்கு யார் ஆறுதல் சொல்வது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் நீ போனில், அப்பா, நாலு வருஷத்துக்கு முன்னாடி அம்மா அணுக்களைக் குளிர வெச்சு அளந்தது தப்புன்னு எங்க லேப்ல வருது, எத்தனை தடவை செஞ்சாலும் அவ்வளவு குளிர் வரமாட்டேங்குது, புரொபசர் கட்டுரையை அனுப்பச் சொல்றார், நான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன், இன்னும் தள்ளினா என் வேலையே போயிடும், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்றாய். ரகசியம் காக்க நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்தாய். இண்டிகேட்டர் போடாமல் திரும்பாதீர்கள் என்று வண்டி பழக வருகிறவர்களிடம் நாள் முழுக்கக் கத்துகிறவன் நான், என் முகத்திலும் எதற்கெடுத்தாலும் இண்டிகேட்டர் எரிந்துவிடும். இரண்டு நாள் தாக்குப் பிடித்தேன். மூன்றாம் நாள் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, என்னங்க, அவளுக்கு உடம்பு சரியில்லையா, எதை மறைக்கிறீங்க என்று கேட்டாள். உனக்கு ஏதோ நோய் என்றே முடிவு கட்டிவிட்டாள், அதற்கு மேல் எப்படி மறைப்பேன், கொட்டிவிட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நோய் ஒண்ணும் இல்லையே என்று இன்னொரு தடவை கேட்டாள். அப்புறம்தான், எவ்வளவு வித்தியாசம் என்றாள். நாலு மடங்கு சூடுன்னு சொன்னா என்றேன். அவ்வளவுதான், பீன்ஸை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பழைய நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தாள்.

அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த எண் அவளுக்கு என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடித்தளத்தில் ஓர் ஓட்டை அறையும் இரவல் வாங்கிய லேசரும் மட்டும் கொடுத்து, இதில் என்ன செய்துவிடப் போகிறாய் என்று கேட்டவர்கள் முன்னால், வெளிச்சத்தை வைத்தே வாயு அணுக்களை ஓடவிடாமல் நிறுத்தி, அப்படியே குளிர வைத்துக் காட்டினவள். உன் அத்தை இன்னமும் அவளுக்கு ஐஸ் பேக்டரியில் வேலை என்று நினைத்து ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறாள், அது வேறு கதை. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிதாக அவள் பெயர் அடிபட்டது அந்த ஓர் அளவால்தான். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாள், வழியனுப்பும் கூட்டத்தில் அதைப் பற்றித்தான் பேசுவதாக இருந்தாள். இத்தனை வருஷ உழைப்பும் கடைசி மாதத்தில் தலைகுனிவாக முடிந்துவிடுமோ என்று அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை.

மறுநாள் விடுமுறை, மாணவர்கள் யாரும் வரமாட்டார்கள். லேசர் எரியும்போது யாரும் தனியாக இருக்கக் கூடாது என்று அவள் லேபில் சட்டமாம், துணைக்கு என்னைக் கூட்டிப் போனாள். என் கண்ணுக்குப் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு, எதையும் தொடாதீங்க என்று ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். மேசை முழுக்கக் குட்டிக் கண்ணாடிகள், ஒயர், குழாய். நேராகப் போய் கேமராவுக்கு அடியில் இருந்த தடித்த அலுமினியத் தகட்டுக்கு முன்னால் நின்றாள். ரோட்டில் லாரி போனால் கேமரா ஆடுகிறது என்று அவளே சொல்லிச் செய்து வாங்கிய தகடு, அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பென்றால் சிரித்துக்கொள். அணுக்கூட்டத்தைக் காந்தத்தால் பிடித்து வைத்திருந்து, சட்டென்று காந்தத்தை அணைத்துவிட்டு, கூட்டம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று படம் எடுத்துத்தான் குளிரை அளக்கிறார்கள், கொஞ்சமாக விரிந்தால் அதிகக் குளிர். காந்தத்தை அணைத்த பிறகும் அந்தத் தகட்டில் மின்சாரம் ஒரு கணம் சுற்றிக்கொண்டே இருந்து, கூட்டத்தை விரியவிடாமல் பிடித்திருக்கிறது. பிரேக் போட்ட பிறகும் வண்டி நாலடி இழுத்துக்கொண்டு போய் நிக்குமே, அது மாதிரியா என்று கேட்டேன். அதேதான் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் வேலை எனக்கு விளங்கியது. தகடு வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சரிபார்த்திருக்கிறாள், வைத்த பிறகு பார்க்கவில்லை.

தகட்டைக் கழற்றி, கேமராவை ஒரு மரப்பலகையில் ஏற்றி, எல்லாவற்றையும் மறுபடி நேராக்கிப் படம் எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. திரையில் அணுக்கூட்டத்தின் நிழல் பொதபொதவென்று பெரிதாக வந்தது. திரும்பத் திரும்ப எடுத்தாள், அப்படியேதான் வந்தது. சரியாத்தான் சொல்லியிருக்கா என்றாள். அப்புறம் சிரித்தாள் பார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லேபுக்கு அடுத்த அறையில், குளிர் எவ்வளவு வரும் என்று தாளில் கணக்குப் போடுகிற சார் இருக்கிறாரே, அவர் கணக்கு ஒருநாளும் இவள் அளவுக்கு இறங்கி வரவில்லையாம். நாலு வருஷமா அவர் கணக்கு பொய்யா என் கை பொய்யான்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்தேங்க, இப்ப ரெண்டும் ஒண்ணா வந்துடுச்சு, எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா என்றாள். அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அழுதாள், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். திரும்பி வரும்போது காரில், தப்பைக் கண்டுபிடிச்சதுக்கு இல்லைங்க, அதை என்கிட்ட சொல்ல என் பொண்ணு பயந்துட்டாளே, நான் அவளுக்கு அப்படியா தெரியறேன் என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஓரமாக வண்டியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஆகவே இனிமேல் ஒரு நாள்கூடத் தள்ளாதே, கட்டுரையை அனுப்பிவிடு. முந்தைய அளவு தவறு என்று நேராக எழுத வேண்டுமாம், பூசி மெழுகினால் கோபம் வரும் என்கிறாள். தகட்டு விஷயத்தை அவளே ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிவிட்டாள், உன் வேலைக்கு இனி ஆபத்து இல்லை. மற்றபடி மாடிக் குழாய் ஒழுகல் நின்றது, உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டேன். உன் சைக்கிள் பிரேக்கைப் பார்த்து வாங்கி மாற்று, சொன்னால் கேள்.

வழியனுப்பும் கூட்டத்தில் தன் படத்துக்குப் பதிலாக உன் லேப் எடுத்த படத்தைக் காட்டப் போகிறாளாம். இன்னும் அச்சில் வராத படம், அடுத்த லேப் சொத்து, முறையாக அனுமதி கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து அடுத்த அறையில் உட்கார்ந்து, மதிப்புக்குரிய முனைவர் அவர்களுக்கு என்று தொடங்குவதும் அடித்துவிட்டு மறுபடி எழுதுவதுமாக இருக்கிறாள். பெற்ற பெண்ணுக்கு எழுதுகிற லட்சணத்தைப் பார். அது உனக்கு வந்து சேர்ந்தால் சிரித்துவிடாதே, ஒழுங்காகப் பதில் போடு, எனக்கில்லை, அவளுக்கு. நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நிறைவாக இரு என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் போட வேண்டுமாம். பேர் மட்டும் போதுமா, என் மகள்னு சேர்த்துக்கலாமா, அதையும் அவளையே கேட்டுடுங்க என்று இப்போதுதான் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அப்பா