வசந்த பஞ்சமிக்கு நான் அனுப்பிய பிள்ளை

மாரண்டஹள்ளி,
27.1.2026, செவ்வாய்

அன்புள்ள மாமாவுக்கு,

காவேரி எழுதுகிறேன். பாப்பா நன்மதி நன்றாக இருக்கிறாள். அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இதை முதலில் எழுதக் காரணம், அந்த வீடியோ ஒடிசா வரைக்கும் வந்திருக்கும். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் உங்களோடு இருக்கிறவர்கள் யாராவது காட்டியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசியபோது உங்கள் தம்பி கலைவாணன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அத்தையும் பக்கத்தில் இருந்தார்கள். அதனால்தான் "நல்லா இருக்கோம்" என்பதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. பத்திரிகைக்காரர்கள் கூப்பிடுகிறார்கள் என்று என் போனையும் தம்பியே வாங்கி வைத்திருக்கிறார். இதை நசீம் பானு அக்காவின் தையல் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் பலாங்கீர் ஏஜென்ட் ஆபீஸ் முகவரிக்கு அக்காவே ஸ்பீடு போஸ்ட் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

நாளை காலை பத்து மணிக்கு என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை வரிசையாக இங்கே எழுதிவிட்டால் அங்கே நாக்கு குழறாது என்று நினைக்கிறேன்.

நம் தக்காளித் தோட்டத்துக்குக் கிழக்கே இருக்கிற நார் மில்லில் சுதாம் என்று ஒருவர் இரண்டு வருடமாக வேலை செய்கிறார். ஒடிசாக்காரர். அவர் மனைவி மீனதி தினமும் நம் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வருவாள். போன வாரம் அவள்தான் சொன்னாள், வெள்ளிக்கிழமை வசந்த பஞ்சமி, மில்லில் சரஸ்வதி பூஜை வைக்கிறோம், பாப்பாவை அனுப்புங்கள், அவளுக்கு முதல் எழுத்து எழுதி வைக்கிறோம் என்று. நமக்குச் சரஸ்வதி பூஜை புரட்டாசியிலோ ஐப்பசியிலோதானே, தை மாதத்தில் என்ன பூஜை என்று கேட்டிருப்பேன். ஆனால் போன வருடம் நீங்கள் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கே பள்ளிக்கூடம் முழுக்க மஞ்சள் துணி, சின்னப் பிள்ளைகள் மடியில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதுவதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது, நம் பாப்பாவுக்கும் இப்படி எழுதி வைக்க நான் ஊரில் இல்லையே என்றீர்கள். அதனால் சரி என்றேன். நசீம் அக்கா ஒரே நாளில் மஞ்சள் கவுன் தைத்துக் கொடுத்தார்.

அத்தையிடம் நான் சொல்லவில்லை. "நார் மில்லு ஆளுங்க சாமிக்கு நம்ம புள்ள எதுக்கு?" என்று கேட்பார்கள் என்று தெரியும். நானும் கூடப் போவதாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பார்த்து பறிப்புக்கு ஆள் குறைந்துவிட்டது. காலை ஒன்பதரை மணிக்கு வேலி ஓரம் மீனதி வந்தாள். நானே பாப்பாவைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன்.

பூஜை நன்றாக நடந்திருக்கிறது. சுதாம் அவளை மடியில் வைத்துக் கையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார். பன்னிரண்டரை மணிக்கு, தூக்கம் வந்து அழுகிறாள் என்று, அவரே தோளில் போட்டுக்கொண்டு நம் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். மீனதி பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். வேலிச் சந்தில் முள் என்று ரோட்டு வழியாக வந்திருக்கிறார். நெற்றி நிறையக் குங்குமம், புதுத் துணி, அழுகிற குழந்தை, தமிழ் பேசத் தெரியாத ஆள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று பத்து நாளாக எல்லார் போனிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் இரண்டு பைக் குறுக்கே நின்றிருக்கிறது. யார் பிள்ளை என்று கேட்டதற்கு, "பாப்பா, அம்மா, வூடு" என்ற மூன்று வார்த்தைதான் அவருக்கு வந்திருக்கிறது. அதற்குள் கலைவாணன் லாரி ஸ்டாண்டிலிருந்து வந்து பார்த்திருக்கிறார். அண்ணன் மகள், முன்பின் தெரியாதவன் தோளில். முதல் அடி அவர் அடித்ததுதான். அதற்குப் பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது.

சத்தம் கேட்டு நானும் அத்தையும் ஓடினோம். சுதாம் தரையில் குந்தி, தன் முதுகைக் காட்டிக்கொண்டு பாப்பாவை நெஞ்சுக்குள் மூடி வைத்திருந்தார். அவள்மேல் ஒரு கீறல் இல்லை என்று எழுதினேனே, அது அதனால்தான். யாரோ பாப்பாவைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்கள். ஒருவர் கேட்டார், "ஏம்மா, இவன உனக்குத் தெரியுமா? நீதான் அனுப்பிச்சியா?" சுதாமின் தலையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. என்னைத்தான் பார்த்தார். சுற்றி நூறு பேர் இருந்தார்கள், பாதிப் பேர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என் கையைப் பிடித்திருந்தார்கள். நான் "தெரியாதுங்க" என்றேன்.

மாமா, அதற்குப் பிறகும் அடித்தார்கள். அதற்கு முன்னால் விழுந்ததைவிட அதற்குப் பின்னால் விழுந்ததுதான் அதிகம்.

ஒன்றேகால் மணிக்குப் போலீஸ் வந்தது. கலைவாணன் எழுதிக் கொடுத்த புகாரில் தாய் என்று நான் கையெழுத்துப் போட்டேன். சுதாம் இப்போது ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் இருக்கிறார். தலையில் பதினோரு தையல். வலது கை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. மீனதியும் மில் ஆட்களும் சொன்னதை, தாயே தெரியாது என்கிறாளே என்று போலீஸ் தள்ளிவிட்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஜெயிலுக்குத்தான் என்று பேசிக்கொள்கிறார்கள். நேற்று வரைக்கும் அவருக்கு நினைவு சரியாகத் திரும்பவில்லை என்று நசீம் அக்கா விசாரித்துச் சொன்னார்.

சனிக்கிழமை மீனதி நம் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "அக்கா, நீ சொல்லு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தை, "என்னடி சொல்லணும்? புள்ளையத் தூக்கிட்டுப் போனதுமில்லாம நாயம் கேக்க வந்துட்டியா?" என்று விரட்டினார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

கலைவாணனை ஊரே பாராட்டுகிறது. டீக்கடையில் அவரிடம் காசு வாங்குவதில்லையாம். ஆனால் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. அடித்த கை வீங்கியிருந்தது. நேற்று மஞ்சள் பற்றுப் போட்டுவிடச் சொல்லி நீட்டினார். பற்றுப் போடும்போது, "அண்ணி, அந்தாளு புள்ளைய வுடவே இல்லீங்க, நாங்க அவ்ளோ அடிச்சும் வுடல. புள்ள புடிக்கிறவன் வுட்டுட்டு ஓடியிருப்பானில்லீங்க?" என்று கேட்டார். நான் துணியைக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவரிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர்மேல் கேஸ் வரும். அவருக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறார்கள். சொல்லாவிட்டால் சுதாமுக்கு ஜெயில்.

எல்லாவற்றையும்விடப் பாப்பா பேசிவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம். நேற்று அத்தை எதிரிலேயே, "அம்மா, அந்த மாமா கிட்ட இன்னொரு எழுத்து எழுதணும்" என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். கொஞ்சம் அழுத்திப் பொத்திவிட்டேன். அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் முடிவு செய்தேன்.

நாளைக்கு ஸ்டேஷனில், பிள்ளையை நான்தான் அனுப்பினேன், தெரியாது என்று சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். புகாரில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்கு என்மேலும் கேஸ் வரலாம். நசீம் அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று கேட்டேன். பித்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "நான் வந்தா பேச்ச வேற பக்கம் திருப்பிடுவாங்க கண்ணு. அதையும் நெனச்சுக்க. ஆனா போலீசு கூப்பிட்டா கவுனு தெச்சது நான்தான்னு சொல்லுவேன், எவனுக்கும் பயந்து இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

ஸ்டேஷனிலிருந்து நம் வீட்டுக்குத் திரும்ப முடியுமா என்று தெரியவில்லை. அத்தை கதவைத் திறக்காவிட்டால் பாலக்கோட்டில் எங்கள் அம்மா வீட்டுக்குப் பாப்பாவோடு போய்விடுவேன். அங்கே தேடுங்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமுன் எல்லாம் முடிந்திருக்கும். உங்களைக் கேட்டுவிட்டுச் செய்ய எனக்கு வழி இல்லை. அத்தையும் தம்பியும் உங்களுக்கு முதலில் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மைதான். தம்பிமேல் கோபப்படாதீர்கள். அவர் பாப்பாவைக் காப்பாற்றத்தான் ஓடினார். என்மேல் கோபப்படுங்கள், ஆனால் நேரில் வந்து கோபப்படுங்கள்.

வேலை முடியவில்லை என்று அங்கேயே தங்கிவிடாமல், முடிந்த சீக்கிரம் புறப்பட்டு வாருங்கள். முனியப்பன் சாமி உங்களுக்குத் துணை இருக்கட்டும். வருகிறவரை ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். அது உங்கள் மொழி தெரியாத ஊர். வழியில் எந்தக் குழந்தை அழுதாலும் தூக்காதீர்கள் மாமா. கிட்டே போகாதீர்கள். கூடத் தெரிந்த ஆள் இல்லாமல் ரோட்டில் தனியாக நடக்காதீர்கள்.

உங்கள்
காவேரி